குடிப்பவருக்குத் தெரியாமல்

மெடல் அவள் உள்ளங்கையில் நனைந்து கிடந்தது. பித்தளை வியர்க்காது, தன் கைதான் வியர்க்கிறது என்று வசந்தாமணிக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதை முந்தானையில் துடைத்து மறுபடியும் கைக்குள் மூடிக்கொண்டாள். மீட்டிங் ஆரம்பிக்கும் முன்பே, அதை நடத்தும் ஸ்டான்லி சார் மெடலைக் கொண்டுவந்து கொடுத்து, "கடைசியில நான் கூப்பிடறப்ப எந்திரிச்சு வந்து அவர் கையில குடுங்கம்மா, ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரெண்டு வார்த்தை. நான்கு நாளாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த ரெண்டு வார்த்தையைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாருக்கும் வணக்கமுங்க. என் வீட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் குடுத்ததுக்கு உங்க எல்லாருக்கும் நன்றிங்க. குழாயடியில் தடங்கல் இல்லாமல் வந்தது, இங்கே வருமோ வராதோ. இங்கே என்பது ஒரு பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு அறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை குடியை விட்டவர்களின் குழுவுக்கு விடுகிறார்கள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு என்பதால் முழங்கால் முன்பலகையில் இடித்தது, யாரோ ஒரு பிள்ளை காம்பஸ் முனையால் பலகையில் கீறி வைத்திருந்த மயில் அவள் விரலில் நெருடியது. அவள் படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றதுதான். முப்பத்தாறு வருஷம் கழித்து மறுபடி அதே வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அன்றைக்கிருந்த பயம் திரும்பி வந்தது. டீச்சர் எழுப்பி எதையாவது கேட்டுவிடுவாரோ என்ற பயம். எதிர்ச் சுவரில் பன்னிரண்டாம் வாய்பாடு தொங்கியது. காலடியில், துண்டு சுற்றிய தூக்குப்போசியில் கேசரி இருந்தது. முப்பது பேருக்குக் காணுமா. நெய் கூடிவிட்டதோ. ஏலக்காய் போட்டோமா இல்லையா. போட்டோம், உரலில் தட்டிய ஞாபகம் இருக்கிறது. உரல் சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. அது நேற்றைய சத்தமாகவும் இருக்கலாம்.

முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். குழந்தைவேலு, அவள் புருஷன், பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். சலவைச் சட்டை போட்டிருந்தும் காதுக்குப் பின்னால் ஒரு நீலத் தீற்றல் ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் எங்காவது ஒரு வண்டியின் நிறம் அவர் மேல் மிச்சம் இருக்கும். பக்கத்தில் தங்கராசு, அதே பட்டறையில் வெல்டர், ஒன்பது வருஷமாகக் குடிக்காதவர், இவரை இந்தக் குழுவுக்குக் கூட்டிவந்தவர். ஒரு வருஷம். முழுசாக ஒரு வருஷம் குடிக்காமல் இருந்திருக்கிறார், அதற்குத்தான் இந்த மெடல். இந்த மனிதர்கள் அதைத் தாங்கள் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் குடி நின்றுவிடுமா. இருபது வருஷம் அவள் பேசாத பேச்சா. நன்றிங்க என்று அவள் சொல்லும்போது அடியில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும், அது யாருக்கும் தெரியாது. போன வைகாசியில் ஒருநாள் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் நடந்துபோனபோதுதான் அதைப் பார்த்தாள், பஸ்ஸின் முதுகில் சிவப்பு எழுத்தில்: குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம். கீழே ஒரு போன் நம்பர். எழுத்துக் கூட்டிப் படித்து நம்பரைச் சொல்லிக்கொண்டே வீடுவரை வந்தாள். போனில் பேசியவன் மரியாதையான ஆள். "மூலிகைப் பொடிம்மா. காப்பியில, கொழம்புல, எதுல கலந்தாலும் ருசி தெரியாது. மீறிக் குடிச்சா முகம் ரத்தமா செவக்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி வரும். அதோட பயந்து தொடமாட்டாரு. நீங்க பயப்படாதீங்க" என்றான். பயப்படாதீங்க என்று ஒருவர் அவளிடம் சொல்லி எத்தனை காலம் ஆகியிருந்தது. பொட்டலம் தபாலில் வந்தது. வெள்ளைப் பொடி, மாசத்துக்கு முப்பது பொட்டலம், பெருங்காய டப்பாவில் போட்டு மூடினால் யாரும் திறக்கமாட்டார்கள். அதே வாரம்தான் தங்கராசு இவரை மீட்டிங்குக்குக் கூட்டிப்போனதும். இரண்டும் ஒரே வாரம். குடி நின்றதில் முக்கால் பங்கு பொடி, மிச்சம் முருகன், இந்த மீட்டிங்குக்கு வேண்டுமானால் டீ செலவு என்று அவள் மனசுக்குள் பிரித்து வைத்திருந்தாள். அடுத்த அறையில் வீட்டுப் பெண்களுக்கென்று தனியாக ஒரு மீட்டிங் நடத்தும் மெர்சி அக்கா பத்துத் தடவை கூப்பிட்டிருப்பாள். "நீங்களும் வாங்களேன்." "எனக்கென்ன வியாதியாக்கா. குடிச்சது அவரு." மெர்சி அக்கா அதற்கும் சிரித்துக்கொண்டே, "நானும் இதையேதான் சொன்னேன், ரெண்டு வருஷம்" என்றாள். இன்றைக்கு எல்லாரும் ஒரே அறையில், பிறந்தநாள் மீட்டிங் என்பதால். குடியை விட்ட நாள்தான் இவர்களுக்குப் பிறந்தநாள். மெர்சி அக்கா இவள் பெஞ்சிலேயே, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தாள், அவளிடமிருந்து பவுடர் வாசனை வந்தது.

அவர் எழுந்து நின்றார். மேஜைக்குப் பக்கத்தில் போய், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் டஸ்டரை எடுத்துப் பிடித்துக்கொண்டார். "நான் குழந்தைவேலு, ஒரு குடிநோயாளி." "வணக்கம் குழந்தைவேலு" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. நோயாளியாம். இப்போதுதான் குடிப்பதில்லையே, பிறகும் எதற்கு அதைச் சொல்லிச் சொல்லி. அதோடு அந்த டஸ்டர், சாக்பீஸ் தூள் சலவைச் சட்டையில் கொட்டப்போகிறது. "ஒரு வருஷம்னு என் வீட்டுக்காரி கையில மெடல் குடுத்து வெச்சிருக்கீங்க" என்றார். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். "அது எனக்குச் சேராதுங்க." அவள் முகத்தில் இருந்த சிரிப்பை எடுக்க மறந்துபோனாள். "தைப்பூசம் கழிஞ்ச வாரம் சேலத்துக்கு ஒரு வண்டி டெலிவரி குடுக்கப் போனேன். வண்டி ஓனர் வீட்ல விருந்து. எட்டு மாசம் ஆச்சே, ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு கிளாஸ் எடுத்தேன். ஒரே ஒரு கிளாஸ்தான். உள்ள போன கால் மணி நேரத்துல மூஞ்சி நெருப்பு புடிச்ச மாதிரி ஆயிருச்சு. கண்ணாடில பாத்தா நான் இல்ல, சிவப்பு பிரைமர் அடிச்ச மாதிரி ஒரு மூஞ்சி." யாரோ மெல்லச் சிரித்தார்கள். "நெஞ்சு அடிக்குது பாருங்க, படபடன்னு, பக்கத்துல இருக்கறவனுக்குக் கேக்கும். வாந்தி, வாந்தி, குடலே வெளிய வந்துரும்னு. அப்புறம் தெரியாது. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சேன். பிரஷர் கெடையவே கெடையாதாம், எறங்கியே போச்சாம். டாக்டரம்மா வந்து, குடியை நிறுத்தற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா, அதைச் சாப்பிட்டுக்கிட்டு குடிச்சாத்தான் இப்படி ஆகும், உசுரே போயிரும்னு கேட்டாங்க. இல்லீங்கம்மா, நான் எந்த மாத்திரையும் தொட்டதில்லைன்னேன். நம்பலை அவங்க. ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. எனக்கு என்ன தோணுச்சுன்னா, கடவுள்தான் கழுத்தைப் புடிச்சுத் தள்ளியிருக்கார்னு தோணுச்சு. தங்கராசண்ணனுக்குப் போன் பண்ணினேன். என்னடா எதுக்குடான்னு ஒரு வார்த்தை கேக்கலை. பஸ் ஏறி வந்து மூணு நாள் பக்கத்துல உக்காந்திருந்தார். அன்னிக்கிருந்து இன்னியோட நூத்திப் பதினெட்டு நாள். வீட்ல சொல்லலை. பரோட்டா ஒத்துக்கலைன்னு சொன்னேன். அவளுக்குத் தெரிஞ்சா..." அவர் நிறுத்தினார். டஸ்டரைக் கையில் திருப்பினார். "பயங்க. இங்க சொல்ல முடிஞ்சது, வீட்ல சொல்ல முடியலை. மெடல் அவ கையில இருக்கறப்ப பொய்யா வாங்க முடியாது. அவ்வளவுதானுங்க." உட்கார்ந்தார். கைதட்டினார்கள். அறை முழுக்க, இருபத்தைந்து முப்பது பேர், உண்மையாகவே, உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள். "நன்றி குழந்தைவேலு" என்றார்கள். வேறு ஒரு சொல் இல்லை. அது அவர்கள் வழக்கம், ஒருத்தர் பேசினால் அடுத்தவர் அதற்குப் புத்தி சொல்லக்கூடாது, குறுக்கே கேள்வி கேட்கக்கூடாது, நன்றி மட்டும்தான்.

எதற்குத் தட்டுகிறார்கள். குடித்தேன் என்று சொன்னவருக்கா கைதட்டல். அவளுடைய சிரிப்பு இன்னும் உதட்டில் காய்ந்த பசைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் அவள் நினைத்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பரோட்டா. எந்தக் கடை பரோட்டா என்றுகூட அன்றைக்குக் கேட்டாள், பஸ்டாண்டுப் பக்கம் என்றார், அந்தக் கடைக்காரனை ஒரு வாரம் திட்டினாள். தினமும் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது துண்டு கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்ப்பாளே, ஒரு வருஷமாக ஒருநாள் தவறாமல். தின்னர் வாசனைதான் வரும், பெயிண்டர் உடம்பில் வேறு எந்த வாசனையும் நிற்காது, இருந்தும் அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும் என்று நம்பியிருந்தாள். அவளுக்குத் தெரிஞ்சா பயங்க. முப்பது பேருக்கு முன்னால் சொல்ல முடிந்தது, அவளிடம் சொல்ல முடியவில்லை. அந்த முப்பது பேரும் இப்போது அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இந்தப் பொம்பளைதான் அந்தப் பயம் என்று. தங்கராசு, பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து கரும்பு கடித்துவிட்டுப் போன ஆள், அதற்கப்புறமும் நாலு தடவை வந்திருக்கிறார், நல்லா இருக்கியாம்மா என்று கேட்டிருக்கிறார், ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. கோபம் நெஞ்சில் ஏறி, பாதி வழியில் எதிலோ இடித்து நின்றது. எதில் என்று உடனே தெரியவில்லை. முகம் செவக்கும். நெஞ்சு படபடன்னு. குடல் வெளிய வர்ற மாதிரி. இந்தச் சொற்களை இதே வரிசையில் அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். வேறு ஒரு குரலில், மரியாதையான குரலில். சேலத்துக்குக் கிளம்பின அன்று காலையில் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். வெளியூர் போகிறார், கூட இருப்பவர்கள் எப்படியோ, எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்கு ஒரு பொட்டலத்துக்கு இரண்டு பொட்டலம். வாழையிலையை வாட்டி, சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து. கையால் பிசைந்தாள். இந்தக் கையால். மெடல் இருக்கிற கையால்.

காது அடைத்துக்கொண்டது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, அதன் சத்தம் வரவில்லை. டாக்டரம்மா ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. அவர் இல்லை என்றார். பொய் சொல்லாத இடத்தில் அவரைப் பொய்யராக்கியது யார். பிரஷர் கெடையவே கெடையாதாம். வண்டி ஓனர் வீட்டில் யாரும் கவனிக்காமல் போயிருந்தால், அந்த ஆஸ்பத்திரி இன்னும் நாலு தெரு தள்ளி இருந்திருந்தால், தை மாசம் அவளுக்குப் போன் வந்திருக்கும், அவளும் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள், குடிச்சே செத்தாரே என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பாள், யாருக்கும் தெரியாமல், அவளுக்கே தெரியாமல். அவளுக்கே தெரியாமல் என்பதில் நினைப்பு போய் மாட்டிக்கொண்டது, அதற்குமேல் நகரவில்லை. நகர்ந்தபோது கஞ்சிக்குப் போனது. சேலத்திலிருந்து நான்காம் நாள் வந்தாரே, கண்ணெல்லாம் உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு. பரோட்டா ஒத்துக்கலை மணி, கஞ்சி மட்டும் குடு என்றார். கொடுத்தாள். உப்புப் போட்டு, ஒரு பொட்டலம் போட்டு. பாதியில் போதும் என்றவரை, இன்னும் ரெண்டு வாய் குடிச்சாத்தான் தெம்பு வரும் என்று டம்ளரை வாயிலேயே வைத்துப் பிடித்தாள். இன்றைக்குக் காலையிலும் காப்பி. அப்படியானால் கேசரி. கேசரியில் எதுவும் போடவில்லை. போடவில்லைதானே. பெருங்காய டப்பாவை இன்று ஒருதடவைதான் திறந்தாள், காப்பிக்கு. ரவை வறுக்கும்போது கை எங்கே போனது. கடைசி பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், புதுசு, இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறான், உள்ளே வரும்போதே நெடி வந்தது, மத்தியானம் குடித்திருக்கிறான், இருந்தும் யாரும் போ என்று சொல்லவில்லை, டீ கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். அவனும் கேசரி சாப்பிடுவான். போடவில்லை, சாமி சத்தியமாகப் போடவில்லை, பொட்டலம் பிரித்த வெள்ளைக் காகிதம் ஒன்றே ஒன்றுதான் குப்பையில் கிடந்தது, குனிந்து எடுத்தது ஞாபகம் இருக்கிறது. கால் தன்னால் நகர்ந்து தூக்குப்போசியைப் பெஞ்சுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளியது. "ஏனுங்க, என்னாச்சு" என்று மெர்சி அக்கா காதோரம் கேட்டாள். அவள் மெடலை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். சொல்லாமலே இருந்துவிடலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போய் டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது, யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் பொடி இல்லாவிட்டால் அவர் நிற்பாரா. கடவுள் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார் என்று நம்பித்தானே நூற்றுப் பதினெட்டு நாள் நின்றிருக்கிறார், அது கடவுள் இல்லை, பெருங்காய டப்பா என்று தெரிந்தால் அந்தப் பிடி நழுவி நேராகக் கடைக்குப் போய்விட்டால். போனால், சொல்லாமல் விட்டிருந்தால், உடம்பில் பொடி மிச்சம் இருந்தால். சொன்னால் குடிப்பாரோ, சொல்லாவிட்டால் செத்துப்போவாரோ. இரண்டு பக்கமும் ஒரே சுவர். வாய்பாட்டு அட்டையில் கண் போய்ப் போய் நின்றது, பன்னிரண்டு ஒன்று பன்னிரண்டு, பன்னிரண்டு இரண்டு இருபத்து நாலு, அதற்குமேல் ஓடவில்லை.

"அம்மா" என்றார் ஸ்டான்லி சார். "நீங்க வர்றீங்களா. மெடலை அடுத்த தையில குடுத்துக்கலாம், பரவாயில்ல. ஒண்ணும் பேசணும்னு கட்டாயமில்ல." வேண்டாம் என்று தலையாட்டத்தான் நினைத்தாள். எழுந்துவிட்டாள். முழங்கால் பலகையில் இடித்தது, வலி அப்புறம்தான் வந்தது. மேஜைவரை ஏழெட்டு அடிதான், அதற்குள் அவர் பின்கழுத்தைத் தாண்ட வேண்டியிருந்தது, அந்த நீலத் தீற்றலை. அவர் தலை குனிந்திருந்தார், திட்டப்போகிறாள் என்று காத்திருக்கும் தோள்கள். இருபது வருஷமாக அந்தத் தோள்களை அவளுக்குத் தெரியும். அவள் மேஜையில் மெடலை வைத்தாள். "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றாள், அது மனப்பாடம், வந்துவிட்டது. அடுத்த வரி வரவில்லை. முகங்கள் தெரிந்தன, கடைசி பெஞ்சுக்காரனின் சிவந்த கண்ணும். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமைதான் அவளை என்னவோ செய்தது. வீட்டில், அம்மா வீட்டில், எங்கேயும் அவள் பேச வாயெடுத்தால் பாதியில் யாராவது முடித்துவைப்பார்கள். "நான் வசந்தாமணி" என்றாள். "வணக்கம் வசந்தாமணி" என்று முப்பது குரல். "அந்த டாக்டரம்மா கேட்டது சரிதானுங்க. அவருக்குத்தான் தெரியாது. நான் குடுத்துட்டிருக்கேன். பொடி. பஸ்ஸுக்குப் பின்னால எழுதியிருந்துச்சு. போன வைகாசியிலிருந்து. காப்பியில. கொழம்புல. அன்னிக்குச் சேலத்துக்குக் கட்டிக்குடுத்த புளிச்சோத்துல ரெட்டையா. அது கடவுள் இல்லீங்க, நான்தான். வந்தப்புறம் கஞ்சியிலயும் போட்டேன். இன்னிக்குக் காத்தாலயும் போட்டேன். குடிக்கக்கூடாதுன்னுதான். சாவட்டும்னு இல்லீங்க." குரல் உயரவே இல்லை. காய் வாங்கிவந்த கணக்கைச் சொல்வதுபோல ஒப்பித்துக்கொண்டு போனது. "எனக்குப் பயமுங்க. எனக்கும்தான். அவரு வர்ற நேரம் ஆச்சுன்னா கால் சில்லுன்னு ஆயிரும். இன்னமும் ஆவுது." அவ்வளவுதான், வேறு எதுவும் மிச்சம் இல்லை. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது விழும் என்று காத்திருந்தாள். ஒரு சத்தம், ஒரு வசை, அடிப்பாவி என்று ஒரு சொல். அது விழுந்தால் தேவலை போலிருந்தது.

"நன்றி வசந்தாமணி" என்றார்கள். கைதட்டல் இல்லை, சிலர் குரல் கம்மியிருந்தது, ஒன்றிரண்டு பேர் சொல்லவே இல்லை. வேறு ஒன்றும் நடக்கவில்லை. எப்படி ஒன்றும் நடக்காமல் இருக்கும். அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள், மெர்சி அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். எல்லாரும் எழுந்து நின்று வழக்கமான பிரார்த்தனையைச் சொன்னார்கள், மீட்டிங் முடிந்தது. முடிந்தபின் பேசலாம். ஸ்டான்லி சார்தான் முதலில் வந்தார். "அம்மா, இனிமே அந்தப் பொடியைத் தொடாதீங்க. மிச்சம் இருக்கறதை ஒரு பொட்டலம் விடாம எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் டாக்டரைப் பாக்கணும், நானும் வர்றேன். நிறுத்தினாலும் கொஞ்ச நாளைக்கு உடம்புல இருக்கும், குழந்தைவேலு, கேட்டுக்கிட்டீங்களா, இருமல் மருந்துகூட டாக்டரைக் கேக்காம குடிக்கக்கூடாது." தங்கராசு தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ரெண்டு வருஷம் கழுதைப்பால்ல என்னமோ கலந்து குடுத்தாங்க என் வீட்ல. குடியும் நிக்கலை, பேச ஆரம்பிச்சா கழுதை கத்தற மாதிரி இருக்குன்னு இப்பவும் சொல்றா." நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். இதற்குப் போய்ச் சிரிக்கிறார்களே என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு ஆள் சாகக் கிடந்தது என்னால்தான் என்று சொன்ன அறையில் சிரிப்பு. ஆனால் அது அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பாக இல்லை, என்ன சிரிப்பென்று அவளுக்குப் பெயர் தெரியவில்லை. "நாளைக்குச் சந்தையில உங்களைப் பாத்தாக்கூட கத்திரிக்கா என்ன விலைன்னுதான் கேப்பேன்" என்றாள் மெர்சி அக்கா மெதுவாக. "இங்க சொன்னது இந்தக் கதவைத் தாண்டாது. அடுத்த ஞாயித்துக்கிழமை பக்கத்து ரூமுக்கு வந்துருங்க. இப்பவாச்சும்."

அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில், கூட்டம் கலைந்த பெஞ்சில், டஸ்டரை இன்னும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன, அதைப் பார்த்ததும் அவளுக்குச் சேலத்து முகம் ஞாபகம் வந்தது, தான் பார்த்தே இராத முகம். கடைசியில் டஸ்டரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு வந்து, அவளுக்கு எதிரில் நின்றார். "கஞ்சியிலயுமா" என்றார். "ஆமாங்க." "நான் போதும்போதும்னேன்." "ஆமாங்க." அவர் வாய் எதையோ மென்றது. "நான் அந்த டாக்டரம்மாகிட்ட சண்டை போட்டேன் மணி. பொய்யா சொல்றேன்னு." அவர் பார்வை இறங்கிப் பெஞ்சுக்கு அடியில் நின்றது. துண்டு சுற்றிய போசி பாதிதான் தெரிந்தது. குனிந்து அதை வெளியே இழுத்தார், துண்டை அவிழ்த்தார், மூடியைத் திறந்து உள்ளே இருந்த கரண்டியை எடுத்தார். கேசரி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, ஏலக்காய் வாசனை வந்தது. போட்டுத்தான் இருக்கிறாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள், டீ டம்ளரோடு தங்கராசு, கதவுப் பக்கம் அந்தப் புது ஆள். "இதுல ஏதாச்சும் இருக்குதா" என்று கேட்டார். உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் இருந்தது, ஆனால் கரண்டியைக் கேசரிக்குள் விடவில்லை. அவள் அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி, ஒரு குவியல் அள்ளி, நின்றபடியே தன் வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள். "இல்லீங்க" என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும், அவள் தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும் ஒருவரைப் பார்க்கும் பார்வை. இப்போது அது அவள் மேல் இருந்தது, எத்தனை நாளைக்கு இருக்குமோ, இருக்கட்டும். அவர் கரண்டியைத் திருப்பி வாங்கினார். கேசரியின் ஒரு ஓரத்தில், அவள் அள்ளிய குழிக்குப் பக்கத்திலேயே, கொஞ்சமாக எடுத்தார். வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு சாப்பிட்டார். கேட்டுவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு, தெரிந்தே சாப்பிட்டார்.